இருட்டில் எவ்வளவு நேரம்? சூப்பர்ஹீரோ கதைகளில் பெரியவர் பங்கும் பிள்ளைகள் பங்கும்

போன மாதம் மார்த்தாண்டம் பக்கத்தில் சொந்தக்காரர் வீட்டுப் பால்காய்ப்பு, அதாவது புது வீடு குடிபுகல். பந்தி நடக்கும்போது பிள்ளைகள் அடுப்புப் பக்கம் ஓடிவிடக் கூடாதே என்று யாரோ ஒரு பெரியவர் அவர்களை மாடியில் உட்காரவைத்து டிவியில் ஒரு படத்தைப் போட்டுவிட்டார். முகமூடி, அங்கி, கூரை விட்டுக் கூரை தாவுகிற ஆள் எல்லாம் உண்டு. "சூப்பர்ஹீரோ படந்தானே, பிள்ளைகளுக்கு உள்ளதுதான்" என்றாராம். இரண்டு மணி நேரம் கழித்து நான் மேலே போனபோது பாதிப் பிள்ளைகள் டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரோரம் விளையாடினார்கள், மீதிப் பேர் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அசையாதவர்களில் ஒருவன் என் அக்கா மகன், வயது ஏழு. அன்று ராத்திரி அவன் தூங்கவில்லை. ரத்தத்தைப் பற்றியோ அடிதடியைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. "மாமா, அந்த ஆளுக்கு வீட்டுல யாருமே இல்லியா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டான்.

அந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது. ஏனென்றால் இந்த விஷயத்தில் மூன்று பேச்சுகள் எல்லா இடத்திலும் அடிபடுகின்றன. சூப்பர்ஹீரோ என்றாலே பிள்ளைகள் சமாச்சாரம் என்பது முதல் பேச்சு. இருட்டாக எடுத்தால்தான் தரம், வெளிச்சமும் சிரிப்பும் இருந்தால் சின்னப்பிள்ளைத்தனம் என்பது இரண்டாவது, இதை வாலிபர்கள் சொல்வார்கள். கொலைக் காட்சியை வெட்டிவிட்டால் பிள்ளைகளும் பார்க்கலாமே என்பது மூன்றாவது. மூன்றுமே தப்பு என்று நான் நினைக்கிறேன், ஏன் என்பதை அடுக்களையிலிருந்து தொடங்குகிறேன்.

கழுவின மீன்

எங்கள் பக்கம் மீன் புளிமுளம் என்கிற காரமான மீன் கறி வைக்கிற வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் அதற்கு இரண்டு வழியில் ஊட்டுவார்கள். சட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து, தண்ணீரில் அலசி, முள் நீக்கி, சோற்றில் பிசைந்து கொடுப்பது ஒரு வழி. எரிவு கொஞ்சம் போகும், ருசி முழுசாகப் போய்விடும், அதோடு மிளகாய் உள்ளே இறங்கியது இறங்கியதுதான், நாலு வாய்க்கு அப்புறம் பிள்ளை மூக்கை உறிஞ்ச ஆரம்பிக்கும். மசாலா கூட்டுவதற்கு முன்னாலேயே இரண்டு துண்டைத் தனியே எடுத்து வைத்து, தேங்காயும் மஞ்சளும் ஒரு நுள்ளு நல்லமிளகும் சேர்த்து வேறொரு சின்னச் சட்டியில் வைப்பது இன்னொரு வழி. கடலும் மீனும் ஒன்றுதான். ஆனால் இது முதலிலிருந்தே அந்தப் பிள்ளையின் நாக்கை மனதில் வைத்துச் செய்த கறி.

பெரியவர்களுக்காக எடுத்த இருட்டுக் கதையை அங்கங்கே வெட்டிப் பிள்ளைகளுக்குக் காட்டுவது கழுவின மீன். அதே நாயகனை வைத்துப் பிள்ளைகளுக்கென்றே தனியாகக் கதை செய்வது சின்னச் சட்டி. பாதி மிளகாய் போட்டு இரண்டு பேருக்கும் ஒரே கறி என்று மூன்றாவது ஒரு வழியும் உண்டு, பெரும்பாலும் இரண்டு பேரும் பாதி வயிற்றோடு எழுந்து போவார்கள். நல்ல கைக்காரர் வைத்தால் மட்டும் அது தேறும், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இருட்டு என்றால் என்ன

இங்கே ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்: தொனி. ஒரு சம்பவத்தை எந்த மனநிலையோடு, எவ்வளவு நெருக்கத்தில், எவ்வளவு நேரம் காட்டுகிறார்கள் என்பதுதான் தொனி. சம்பவம் வேறு, தொனி வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் "பிள்ளைகள் கதையில் சாவே வரக் கூடாது" என்று ஆரம்பிக்கிறோம்.

பழைய நாயகர்களை எடுத்துப் பாருங்கள். 1938இல் வந்த சூப்பர்மேனுக்குப் பிறந்த கிரகமே வெடித்து, தாய் தகப்பன் உட்பட ஓர் இனமே அழிந்துவிட்டது. 1939இல் வந்த பேட்மேன் சிறுவனாக இருக்கும்போது அவன் கண் முன்னாலேயே பெற்றோரைச் சுட்டுக் கொல்கிறார்கள். 1962இல் வந்த ஸ்பைடர்மேன், தான் பிடிக்காமல் விட்ட ஒரு திருடன் கையால் தன்னை வளர்த்த பெரியப்பாவை இழக்கிறான். மூன்றுமே சின்னப் பையன்கள் சில்லறைக் காசுக்கு வாங்கிப் படித்த மெல்லிய புத்தகங்களில் வந்தவை. அடிவேரில் சாவு இல்லாத சூப்பர்ஹீரோ கதையைத் தேடினால் ரொம்பக் கொஞ்சம்தான் கிடைக்கும். நம் பாட்டிமார் சொன்ன கதைகளும் அப்படித்தானே, முதல் வரியிலேயே ராஜாவும் ராணியும் செத்துப்போவார்கள், பிள்ளை காட்டில் நிற்கும்.

அப்படியானால் பெரியவர் கதைக்கும் பிள்ளைகள் கதைக்கும் வித்தியாசம் எங்கே? இதற்கு நான் எப்போதும் சொல்கிற உதாரணம், பேட்மேனோடு கூட்டுச் சேர்கிற சிறுவன் ராபினின் கதை. 1992இல் தொடங்கிய பேட்மேன் கார்ட்டூன் தொடரில் இது இரண்டு பாகமாக வந்தது. ராபினின் தாயும் தகப்பனும் சர்க்கஸில் ஊஞ்சல் ஆடுகிறவர்கள், பணம் கேட்டு மிரட்டிய ஒருவன் அவர்களுடைய கயிற்றைக் கெடுத்துவிடுகிறான். அவர்கள் விழுவதை அந்தத் தொடர் காட்டவே இல்லை. ஆடிப் போன கயிறு திரும்பி வருகிறது, அறுந்த நுனியோடு, ஆள் இல்லாமல். பார்க்கிற ஐந்து வயதுக் குழந்தைக்கும் என்ன நடந்தது என்று புரிந்துவிடும். எதையும் மறைக்கவில்லை. ஆனால் நம்மை அந்த இடத்தில் சில நொடிகளுக்கு மேல் நிறுத்தவும் இல்லை. அந்தச் சிறுவனை பேட்மேன் தன் வீட்டுக்கே அழைத்துப் போகிறான், தானும் அப்படி நின்ற பையன்தானே.

இதை 1986இல் ஃபிராங்க் மில்லர் எழுதி வரைந்த வயதான பேட்மேனின் கதையோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அதிலும் பெற்றோர் கொலைதான் வருகிறது. ஆனால் தாயின் கழுத்து முத்துமாலை அறுவதைச் சின்னச் சின்னக் கட்டங்களாக, ஒரு கணத்தைப் பல துண்டாக வெட்டி, நெருங்கி நெருங்கிப் போய்க் காட்டுவார். 55 வயதிலும் அந்த ஆள் அந்தத் தெருவிலிருந்து வெளியே வரவில்லை என்பதுதான் அங்கே கதை, ஆகவே வாசகரும் அங்கேயே நிற்க வேண்டும். அது பெரியவர்களுக்கான வேலை, அதை அற்புதமாகச் செய்திருக்கிறார்.

ஆக, கதை சொல்கிறவர் கையில் மூன்று திருகுகள் இருக்கின்றன. இருட்டில் எவ்வளவு நேரம் நிறுத்துகிறார், எவ்வளவு பக்கத்தில் கொண்டுபோகிறார், திரும்பி வருகிற வழியைக் காட்டுகிறாரா. என் அனுபவத்தில் பிள்ளைகளுக்கு மூன்றாவதுதான் முக்கியம். என் மருமகன் கேட்டதும் அதைத்தான்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: சாவும் இழப்பும் இரண்டு வகைக் கதைகளிலும் உண்டு. பெரியவர் கதை நம்மை அங்கே நிறுத்திவைக்கும், பிள்ளைகள் கதை அங்கே கொண்டுபோய்விட்டுக் கையைப் பிடித்துக் கூட்டி வரும்.

சாமக்கொடையும் தூங்குகிற பிள்ளைகளும்

இது வெளிநாட்டுக்காரர்கள் கண்டுபிடித்த சங்கதி என்று நினைக்க வேண்டாம், நம் ஊர்க் கோவில் கொடை விழாக்களில் இந்த ஏற்பாடு காலங்காலமாக இருக்கிறது. பகலில் உச்சிக்கொடை, பாயசம், பொங்கல், பலூன் கடை, பிள்ளைகள் கூட்டம். ராத்திரி ஏற ஏற வில்லுப்பாட்டு கனமாகும். சுடலைமாடன் கதையோ இசக்கி கதையோ, வஞ்சனை, கொலை, பழிவாங்கல், குழந்தையை வைத்து நடக்கிற கொடூரம் எல்லாம் அதில் உண்டு. நள்ளிரவுச் சாமக்கொடை நேரத்தில் பாட்டு உச்சத்துக்குப் போகும்போது பிள்ளைகள் அம்மா மடியிலோ பந்தல் ஓரத்துப் பாயிலோ தூங்கிப்போயிருப்பார்கள். யாரும் சான்றிதழ் ஒட்டவில்லை. நேரம்தான் வேலி.

ஆனால் மறுநாள் காலையில் அதே பிள்ளை, பழிவாங்குகிற பேயாகப் பாட்டில் வருகிற நீலியைப் பற்றி "நீலி யாரு பாட்டி?" என்று கேட்டால் பாட்டி கதை இல்லை என்று சொல்ல மாட்டார். சின்னச் சட்டியில் ஒரு நீலியை வைத்துக் கொடுப்பார். நாகர்கோவில் பக்கத்தில் கள்ளியங்காடு என்று ஊரே இருக்கிறதால் எங்களுக்கு நீலி தூரத்து ஆளும் இல்லை. பாட்டியின் நீலி ராத்திரியில் சுண்ணாம்பு கேட்பாள், கொடுக்காமல் ஓடிவந்தால் தப்பிக்கலாம், ஓடிவந்த ஆள் வீட்டுக் கதவைத் தாழ் போட்டுக்கொள்வதோடு கதை முடியும். அந்தத் தாழ்ப்பாள் சத்தம் முக்கியம். அந்த நீலி ஏன் அப்படி ஆனாள், அவளுக்கு என்ன அநியாயம் நடந்தது என்பது வில்லுப்பாட்டில் இருக்கும், பிள்ளை வளர்ந்து ஒருநாள் தூங்காமல் இருந்து அதைக் கேட்டுக்கொள்ளும். 2025இல் மலையாளத்தில் வந்த லோகா படம் கள்ளியங்காட்டு நீலியையே சூப்பர்ஹீரோ ஆக்கிவிட்டது. ஒரே நீலி, பாட்டி திண்ணையில் ஒருத்தி, வில்லடிப்பவர் வாயில் ஒருத்தி, தியேட்டரில் ஒருத்தி.

இரண்டு மாயாவிகள்

எல்லையோரத்தில் வளர்ந்ததில் எனக்கு ஒரு லாபம் உண்டு. எனக்கு இரண்டு மாயாவிகள். ஒருவர் சிவகாசியிலிருந்து வந்தவர், இரும்புக்கை மாயாவி. 1972இல் முத்து காமிக்ஸ் அவரை வைத்துத்தான் தொடங்கியது. மூலம் ஒரு பிரிட்டிஷ் படக்கதை. மின்சாரம் உடம்பில் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக்கை மட்டும் காற்றில் தெரியும். ஆரம்பத்தில் அந்த ஆள் நல்லவரும் கிடையாது, தன் சக்தியைத் தப்பு வழியில் பயன்படுத்தியவர், பிறகுதான் திருந்துகிறார். கறுப்பு வெள்ளைக் கட்டத்தில் ஒரு கை மட்டும் மிதந்து வருவதைப் பார்த்து நான் புத்தகத்தை மூடி வைத்திருக்கிறேன், மூடிவிட்டு மறுபடி திறந்தும் இருக்கிறேன்.

இன்னொருவர் கேரளத்திலிருந்து வந்தவர், பாலரமா என்ற மலையாளச் சிறுவர் இதழில் வருகிற குட்டி மாயாவி. ராஜு, ராதா என்ற பிள்ளைகள் கூப்பிட்டால் வந்து நிற்பான், குட்டூசனும் டாகினியும் எத்தனை சூழ்ச்சி செய்தாலும் கடைசியில் அடிபட்டுக் கிடப்பார்கள், லுட்டாப்பி என்ற குட்டிச்சாத்தான் ஈட்டியில் ஏறிப் பறந்து வந்து ஏமாந்து போவான். அடுத்த இதழில் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து. மலையாள எழுத்து கூட்டிப் படிக்க நான் கற்றுக்கொண்டது அந்தக் குட்டி மாயாவிக்காகத்தான்.

எது உசத்தி என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. காய்ச்சலாகப் படுத்திருக்கும்போது குட்டி மாயாவி வேண்டும், லீவு நாளில் மாமரத்தடியில் இரும்புக்கை வேண்டும். ஒன்றைப் படித்ததால் இன்னொன்று கெட்டுப்போகவில்லை. இருட்டாக இருந்தால்தான் தரம் என்கிறவர்களிடம் நான் சொல்ல விரும்புவது இதுதான்: குட்டூசன் வாராவாரம் தோற்பதை அலுக்காமல் எழுதுவது லேசான வேலை கிடையாது, அதற்குத் தனிக் கைத்திறன் வேண்டும்.

எப்படி இரண்டாகப் பிரிந்தது

இனி அமெரிக்கப் பக்கம் போவோம், ஏனென்றால் இந்தச் சண்டை நடந்ததே அங்கேதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே குற்றக் கதைகளும் பேய்க் கதைகளும் காமிக்ஸாக எக்கச்சக்கமாக விற்றன. சின்னப் பிள்ளைகளும் அவற்றை வாங்கினார்கள். 1954இல் ஃபிரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர் காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று ஒரு புத்தகம் எழுதினார், செனட் சபையில் விசாரணை நடந்தது. அரசு கை வைப்பதற்குள் பதிப்பாளர்களே கூடி ஒரு தணிக்கை விதியை உண்டாக்கிக்கொண்டார்கள், அதற்குப் பெயர் காமிக்ஸ் கோட். குற்றவாளி மேல் இரக்கம் வரும்படி எழுதக் கூடாது, எல்லாக் கதையிலும் நன்மைதான் ஜெயிக்க வேண்டும், ரத்தக்காட்டேரி, ஓநாய் மனிதன் எல்லாம் கூடாது. அட்டையில் அந்த முத்திரை இல்லாத புத்தகத்தைக் கடைக்காரர்கள் பெரும்பாலும் வைக்க மாட்டார்கள்.

அதாவது வீட்டில் ஒரு பிள்ளை இருக்கிறது என்பதற்காக எல்லோருக்கும் கஞ்சிதான் என்று தீர்மானித்துவிட்டார்கள். சூப்பர்ஹீரோ என்றாலே பிள்ளைகள் சமாச்சாரம் என்ற எண்ணம் ஊறிப்போனதற்கு இந்தக் காலம் ஒரு பெரிய காரணம். 1971இல் போதைப்பொருளின் தீமையைப் பற்றி ஒரு கதை எழுதும்படி அரசின் சுகாதாரத் துறையே கேட்டு ஸ்பைடர்மேனில் அதை எழுதியபோதும் கோட் முத்திரை மறுத்தது, பதிப்பாளர் முத்திரை இல்லாமலே மூன்று இதழ்களை வெளியிட்டார். அதன் பிறகு விதி கொஞ்சம் தளர்ந்தது. கடைசியாக 2011இல்தான் அது முழுசாக மறைந்தது.

நடுவில் 1986 ஒரு பெரிய வருடம். மில்லரின் பேட்மேனும், ஆலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்த வாட்ச்மென்னும் அந்த வருடம்தான் வந்தன. முகமூடி போட்டுக்கொண்டு தெருவில் இறங்குகிற ஆளின் மனசு நிஜத்தில் எப்படி இருக்கும் என்று இரண்டும் கேட்டன. கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் பின்னால் வந்த பலர் கேள்வியை விட்டுவிட்டு இருட்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், பல்லைக் கடிக்கிற நாயகர்களும் பெரிய பெரிய துப்பாக்கிகளுமாகத் தொண்ணூறுகள் போயின.

இப்போது நான் சொல்ல வந்த உதாரணம், 1992. அந்த வருடம் ஜூனில் பேட்மேன் ரிட்டர்ன்ஸ் என்ற படம் வந்தது. டிம் பர்ட்டன் எடுத்தது, கைவிடப்பட்ட குழந்தை, சாக்கடை, கறுப்பு ரத்தம் என்று இருட்டான படம். அதே படத்தின் பொம்மைகளை ஒரு துரித உணவுக் கடை பிள்ளைகள் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்துக் கொடுத்தது. பெற்றோர்கள் கொதித்துப்போனார்கள், நியாயந்தான், பொம்மையைக் கொடுத்துப் பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டு உள்ளே வேறு சட்டியைத் திறந்தால் யாருக்குத்தான் கோபம் வராது. ஆனால் மூன்றே மாதம் கழித்து, செப்டம்பரில், நான் முன்னால் சொன்ன அந்தக் கார்ட்டூன் தொடர் தொலைக்காட்சியில் ஆரம்பித்தது. அதே நாயகன், அதே நகரம், அதே பெங்குவின் வில்லன். பிள்ளைகள் ஓடிப்போய் உட்கார்ந்தார்கள், பெரியவர்களும் பின்னால் நின்று பார்த்தார்கள். சினிமாக்காரர்கள் என்ன செய்தார்கள் என்றால் படத்தின் மிளகாயை அலச ஆரம்பித்தார்கள். 1995இல் வந்தது கொஞ்சம் வெளிச்சம், 1997இல் வந்தது ஒரே நிறமும் பொம்மையும். அந்தக் கடைசிப் படத்தைப் பெரியவர்களும் ஏற்கவில்லை, பிள்ளைகளும் கொண்டாடவில்லை. அடுத்த பேட்மேன் படம் வர 2005 ஆனது.

சரி, வரலாற்றின் சாரம் இவ்வளவுதான்: எல்லோருக்கும் கஞ்சி என்பது 1954இன் வழி, அதில் பெரியவர்கள் பட்டினி. பெரியவர் கறியைக் கழுவுவது 1995க்குப் பிந்தைய சினிமாவின் வழி, அதில் இரண்டு பேரும் பட்டினி. தனிச் சட்டி 1992 கார்ட்டூனின் வழி.

ஒரே நாயகன் எப்படிப் பல பேர் ஆகிறான்

ஒரு சந்தேகம் வரலாம். ஒரே பேட்மேன் ஒரு புத்தகத்தில் கொடூரமாகவும் இன்னொன்றில் அன்பாகவும் இருந்தால் எது நிஜம்? இதற்குக் காமிக்ஸ்காரர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள், மல்டிவர்ஸ். பல உலகங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் அதே நாயகன் கொஞ்சம் வேறு மாதிரி என்பதுதான் அது. 1961இல் ஃபிளாஷ் என்ற நாயகனின் ஒரு கதையில் இந்த யோசனை பிரபலமானது. ஆளாளுக்குத் தனி உலகம் கொடுத்துவிட்டால் ஒருவர் கதையை இன்னொருவர் கெடுக்க முடியாது.

நமக்கு இது புரியக் கஷ்டமே இல்லை. பாலக்காட்டுப் பக்கத்துப் பகவதி கோவில்களில் கூத்துமாடத்தில் தோல்பாவைக்கூத்து நடக்கும், வரிசையாக விளக்கு ஏற்றிவைத்து, கம்பராமாயணப் பாட்டைப் பாடி மலையாளத்தில் விளக்கம் சொல்லி, இரவு இரவாக. எதிரே ஒரு ஆள் உட்காராவிட்டாலும் நடக்கும், ஏனென்றால் பார்க்கிறது அம்மை. அதே ராமாயணம் எங்கள் பக்கத்துத் தோல்பாவைக்கூத்தில் நடக்கும்போது நடுவில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்துவிடுவார்கள், ஒருவனை ஒருவன் அடித்துக்கொண்டு உருள்வார்கள், பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். எது நிஜ ராமாயணம் என்று யாரும் சண்டை போட்டதில்லை. யாருக்காக என்பதுதான் வேறு.

மல்டிவர்ஸ் கதைக்குள் இருக்கிற ஏற்பாடு. கடையில் வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டுமே, அதற்குத் தனி முத்திரைகள். பேட்மேனை வெளியிடுகிற டிசி நிறுவனம் 1993இல் வெர்டிகோ என்ற பெயரில் முதிர்ந்த வாசகர்களுக்கென்று ஒரு வரிசையைத் தொடங்கியது. தன் பிரதான கதையோட்டத்தில் சேராத தனிக் கதைகளுக்கு எல்ஸ்வேர்ல்ட்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறது. 2019இன் ஜோக்கர் அப்படித் தனியாக நிற்கிற படம், இந்தியாவில் அதற்கு ஏ சான்றிதழ். மறுபக்கம், ஸ்பைடர்மேனை வெளியிடுகிற மார்வெல் நிறுவனம் 2021இல் பால்வாடிப் பருவத்துப் பிள்ளைகளுக்கென்றே ஸ்பைடியும் அவன் நண்பர்களும் வருகிற கார்ட்டூன் தொடரைத் தொடங்கியது. அதில் வில்லன் செய்கிற பெரிய குற்றம் ஒரு பொருளைத் தூக்கிக்கொண்டு ஓடுவது. மூன்று வயதுக்கு அது போதும், அதுவே பெரிய குற்றம்தான்.

வேலி இப்போது எங்கே

கொடையில் நேரம் வேலியாக இருந்தது என்று சொன்னேன். தியேட்டரில் சான்றிதழ் வேலி. இந்தியாவில் 1983 வரை யு, ஏ என்று இரண்டு வகைதான் இருந்தன, அந்த வருடம் யுஏ சேர்ந்தது. 2024இன் விதிகளில் யுஏ என்பதை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள், சூப்பர்ஹீரோ படங்களுக்கு இது ரொம்பத் தேவையான பிரிவு. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஏ என்றால் 18 வயதுக்குக் கீழே உள்ளே விடக் கூடாது. யுஏ அப்படி இல்லை, பெற்றோர் பார்த்து முடிவு செய்யுங்கள் என்று சொல்கிற குறிப்பு மட்டும்தான்.

வீட்டு டிவியிலும் போனிலும் அந்த வாசல்காரரும் இல்லை. 2021இன் விதிப்படி ஓடிடி தளங்கள் வயதுக் குறியீடு காட்ட வேண்டும், 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பூட்டு வசதி தர வேண்டும். பூட்டு இருக்கிறது, போடுகிறவர்கள் குறைவு. பால்காய்ப்பு வீட்டில் அன்று அந்தக் குறியீடு திரையின் மூலையில் சில நொடி வந்து போயிருக்கும், யாரும் பார்க்கவில்லை.

அதோடு சான்றிதழ் எண்ணுவது பெரும்பாலும் சம்பவங்களை: ரத்தம், கெட்ட வார்த்தை, போதை, உடல் காட்சிகள். தொனியை எண்ணுவது அதற்குக் கஷ்டம். ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல் இரண்டு மணி நேரமும் ஆளைத் தனிமையிலேயே வைத்திருக்கிற படம் இருக்கலாம்.

பிள்ளை எதைப் பார்த்துப் பயப்படுகிறது

இதில் ஒரு பழைய ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1980களில் அமெரிக்காவில் கிளென் ஸ்பார்க்ஸ், ஜோஆன் கேன்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஹல்க் தொலைக்காட்சித் தொடரின் காட்சியைப் பிள்ளைகளுக்குக் காட்டிப் பார்த்தார்கள். ஹல்க் நல்லவன், ஆபத்தில் இருப்பவர்களைக் காப்பாற்றத்தான் பச்சை உருவம் எடுக்கிறான். பெரிய பிள்ளைகள் அவன் மாறுவதற்கு முன்னால், ஆபத்து நடக்கிற இடத்தில் பயந்தார்கள். அவன் மாறியதும் நிம்மதியானார்கள். பள்ளிக்கூடம் போகாத சிறுசுகளோ அவன் மாறும்போதுதான் பயந்தார்கள். காப்பாற்ற வருகிறவனையே பார்த்து.

சின்னஞ்சிறுசுகள் தோற்றத்தைப் பார்த்துப் பயப்படும், கொஞ்சம் வளர்ந்தவர்கள் நடக்கக்கூடியதை நினைத்துப் பயப்படுவார்கள். ஆகவே மூன்று நான்கு வயசுக்கு நாம் வெட்ட நினைக்கிற அடிதடியைவிட அந்தப் பல் தெரிகிற முகமூடி பெரிய விஷயம். ஏழு எட்டு வயசுக்கு முகமூடி பழகிவிடும், ஆனால் "அப்பா வராவிட்டால்?" என்பது பெரிய விஷயம். இரண்டுக்கும் ஒரே கத்தரிக்கோல் உதவாது.

இன்னொரு ஆபத்து பயத்துக்கு நேர் எதிரானது, நம்பிக்கை. 1997இல் தூர்தர்ஷனில் தொடங்கிய சக்திமான் ரொம்ப வெளிச்சமான தொடர், ஆனாலும் சக்திமான் வந்து காப்பாற்றுவார் என்று பிள்ளைகள் விபரீதம் செய்ததாகச் செய்திகள் வந்து பெரிய விவாதம் ஆனது, பிறகு நாயகனே திரையில் தோன்றி இதையெல்லாம் செய்து பார்க்காதீர்கள் என்று சொல்ல வேண்டி வந்தது. வெளிச்சமான கதைக்கும் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார வேண்டும்.

ஒரே சட்டியில் வைக்கிற கைக்காரர்

இரண்டு பேருக்கும் ஒரே கறி வைத்து ஜெயித்ததற்கு என் கண்ணில் நல்ல உதாரணம் 2021இல் மலையாளத்தில் வந்த மின்னல் முரளி. பாசில் ஜோசப் எடுத்தது. ஒரே மின்னல் இரண்டு பேரைத் தாக்குகிறது, தையல்காரன் ஒருவன் நாயகன் ஆகிறான், ஊர் ஒதுக்கிய ஷிபு வில்லன் ஆகிறான். ஷிபுவாக நடித்தவர் நம் குரு சோமசுந்தரம். ஷிபுவின் பக்கம் முழுக்கப் பெரியவர்களுக்கான இருட்டு: வாழ்நாள் பூரா காத்திருந்த காதல், ஊரின் ஏளனம், கொலை. நாயகன் பக்கம் அவனுக்குச் சக்தியைப் பழக்கிவிடுகிறவன் அவன் அக்கா மகன், காமிக்ஸ் பைத்தியமான ஒரு பொடியன். கதை ஷிபுவின் இருட்டுக்குள் போய்வரும்போதெல்லாம் அந்தப் பொடியனிடம் திரும்புகிறது. இருட்டின் அளவைக் குறைக்கவில்லை. திரும்பும் வழியாக ஒரு வீட்டை வைத்துவிட்டார்கள், வீட்டில் மாமாவும் மருமகனும் இருக்கிறார்கள். அப்படியும் நான் அதை ஐந்து வயசுக்குக் காட்ட மாட்டேன், பத்து வயசுக்குக் காட்டுவேன், கூட உட்கார்ந்து.

என்னிடம் எந்தப் படத்தைக் காட்டலாம் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது, குறியீட்டைப் பாருங்கள், அப்புறம் கடைசிப் பத்து நிமிடத்தைத் தனியாக முதலில் பார்த்துவிடுங்கள். நாயகன் யாருடைய வாசலில் போய் நிற்கிறான் என்று பார்த்தால் பாதி தெரிந்துவிடும்.

பால்காய்ப்பு முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் ராபின் கதையைப் போட்டேன். கயிறு அறுந்து திரும்பி வந்தபோது மருமகன் என் கையைப் பிடித்துக்கொண்டான், ஒன்றும் பேசவில்லை. அந்தப் பையன் பெரிய வீட்டுக்குள் நுழைந்து, அங்கே இருக்கிற வயசான ஆள் அவனைக் கவனிக்க வந்ததும் கையை விட்டான். முதல் பாகம் முடிந்தது.

"மாமா, அந்தக் கயிறை அறுத்தவன பிடிச்சானா?"

"ரெண்டாம் பாகத்துல வரும் மக்களே."

"அப்ப அத இப்பவே போடு. நான் தூங்கிருவேன், பயப்படாத."